குறும்பிவாங்கியின் கதை

போன வருஷம் ஒரு ஆறு மாசம் அப்பா என்னோடு பேசவில்லை.

சண்டை எதுவும் கிடையாது. எங்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி, அவர்களுக்கு ஞாயிறு காலை. அதுதான் வழக்கமாகப் போன் பேசும் நேரம். அம்மா எடுப்பார். பேசி முடித்துவிட்டு "அப்பாகிட்ட குடும்மா" என்பேன். அப்பா வாங்கி, "நல்லா இருக்கேன்பா, நீ அம்மாகிட்டயே சொல்லிடு" என்று இருபது விநாடியில் திருப்பிக் கொடுத்துவிடுவார். முன்பெல்லாம் அரசியலிலிருந்து அவரைக்காய் விலை வரை முக்கால் மணி நேரம் பேசிய மனிதர். ஏதோ கோபம் என்று நினைத்தேன். அப்புறம் வயசு என்று நினைத்தேன். கடைசியில் அம்மாதான் சொன்னார்: "கோபமெல்லாம் இல்லடா. உங்கப்பாவுக்குக் காது அவுட்டு. நீ பேசறது அவருக்கு விழல. அதைச் சொல்ல வெட்கம்."

எங்கள் வீடு பெங்களூரில் லிங்கராஜபுரத்தில். காக்ஸ் டவுனுக்கும் கம்மனஹள்ளிக்கும் நடுவில், ஹென்னூர் ரோட்டை ஒட்டி. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் வந்து போகும் ஏரியா. பக்கத்து மெயின் ரோட்டில் காது மெஷின் விற்கும் கடை ஒன்றில் (பெயர் வேண்டாம்) அப்பாவை உட்காரவைத்து, இரண்டு காதுக்கும் மெஷின் போடணும் என்று ஒரு பெரிய தொகையும் சொல்லிவிட்டார்கள். நான் பணம் அனுப்பவும் தயாராகிவிட்டேன். அம்மாதான் தடுத்தார். "நம்ம ஏரியாவுலயே காதுக்குன்னு ஒரு காலேஜே இருக்கும்போது கடைக்காரன் பேச்சை எதுக்குக் கேக்கணும்?"

அம்மா சொன்னது சரிதான். ஹென்னூர் மெயின் ரோட்டில், லிங்கராஜபுரத்திலேயே, டாக்டர் எஸ்.ஆர். சந்திரசேகர் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இருக்கிறது. காது கேளாத குழந்தைகளுக்கும் பேச்சு வராதவர்களுக்கும் சிகிச்சை கொடுக்கிற, அந்தப் படிப்பைச் சொல்லித்தருகிற இடம். கொஞ்ச தூரத்தில் ஹட்சின்ஸ் ரோடு பக்கம், என்.எஸ். ஹேமா 1959இல் தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் சங்கமும் இருக்கிறது. சின்ன வயசில் இந்த இரண்டு போர்டுகளையும் தினமும் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன் நான். ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

அப்பாவை உட்காரவைத்து, கேட்கும் திறனை அளப்பதற்கு முன்னால், ஒரு சின்ன விளக்கு வைத்த கருவியால் காதுக்குள் பார்த்தார்களாம். பார்த்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னது: "தாத்தா, உள்ளே கதவு சாத்தியிருக்கு. முதல்ல காது டாக்டர்கிட்ட போய் அதைத் திறந்துட்டு வாங்க. அப்புறம் டெஸ்ட் பண்ணலாம்."

குறும்பி. கன்னடத்தில் குக்கெ. இரண்டு காதிலும் செவிப்பறை தெரியாத அளவுக்கு அடைத்துக்கொண்டு கருங்கல் மாதிரி கெட்டிப்பட்ட காது அழுக்கு.

இதில் எனக்கு விழுந்த அடி என்னவென்றால், அதை உள்ளே தள்ளிக் கெட்டித்தது யார் தெரியுமா? நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் போனபோது, ஐந்நூறு குச்சி இருக்கிற பெரிய டப்பாவாகப் பஞ்சு பட்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். "ஃபாரின் பட்ஸ்" என்று அப்பா தினமும் குளித்ததும் ஒன்று எடுத்துச் சுத்தமாகக் குடைந்திருக்கிறார். அந்த டப்பாவின் பின்பக்கத்திலேயே "காதுத் துவாரத்துக்குள் நுழைக்காதீர்கள்" என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. நான் படிக்கவில்லை. யார்தான் படிக்கிறோம்?

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். காதைச் சுத்தம் செய்யும் கருவிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. நான் நினைத்ததைவிட நீளமான சரித்திரம்.

தாத்தாவின் வெள்ளிக் கொத்து

என் அப்பாவின் அப்பா இடுப்பில் ஒரு சின்ன வெள்ளி வளையம் வைத்திருந்தார். அதில் மூன்று சாமான் தொங்கும். பல்குத்தி, முள்வாங்கி, குறும்பிவாங்கி. முள்வாங்கி என்பது காலில் தைத்த முள்ளைப் பிடுங்கும் சின்னச் சாமணம். குறும்பிவாங்கி என்பது நுனியில் கடுகளவு கரண்டி உள்ள ஒரு கம்பி. இந்தச் சொல் நம்மில் பலருக்கு மறந்து போயிருக்கும். "காது குடையறது" என்று வேலையைச் சொல்கிறோமே தவிர, கருவிக்குப் பெயர் போய்விட்டது. ஆனால் பழைய தமிழ் அகராதிகளில் இருக்கிறது. குறும்பியை வாங்குவது குறும்பிவாங்கி. எவ்வளவு நேரடியான பெயர்!

தாத்தாவின் கொத்து அவர் காலத்து ஃபேஷன் என்றுதான் நினைத்திருந்தேன். ஹரப்பாவில் தோண்டியபோது செம்பில் இதே மாதிரி ஒரு கொத்து கிடைத்திருக்கிறது. காதுக் கரண்டி, குத்தூசி, சாமணம், மூன்றும் ஒரே வளையத்தில். கிட்டத்தட்ட நாலாயிரத்துச் சொச்சம் வருஷம் பழசு. மெசபடோமியாவின் ஊர் நகரத்துக் கல்லறைகளிலும் இதே ஜாதிக் கொத்துகள் கிடைத்தன. ரோமானியர்களும் வெண்கலத்திலும் எலும்பிலும் காதுக் கரண்டி செய்து வைத்திருந்தார்கள். ஜப்பானில் மூங்கிலில், பின்பக்கம் ஒரு மெல்லிய இறகுக் குஞ்சத்தோடு, இன்றும் விற்கிறது.

நம் நாட்டு வைத்திய நூல்களும் விட்டுவைக்கவில்லை. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில் கருவிகளைப் பற்றிய அத்தியாயத்தில் "கர்ணசோதனம்" என்று ஒன்று வருகிறது. அரச இலை நுனி மாதிரி முனை, வேள்வியில் நெய் விடும் கரண்டி மாதிரி வாய் என்று அதற்கு வர்ணனை. சுசுருத சம்ஹிதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. காது அழுக்கை முதலில் எண்ணெய் விட்டு ஊறவை, ஒத்தடம் கொடுத்து இளக்கு, அதற்குப் பிறகு வைத்தியன் சலாகையால் எடுக்கட்டும் என்கிறது. இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, முதலில் இளக்கணும். இரண்டாவது, எடுப்பது வைத்தியன். அவரவர் கை அல்ல.

ஆக, கரண்டியின் வடிவம் நாலாயிரம் வருஷமாக மாறவில்லை. இன்றைக்குக் காது டாக்டர் மேஜையில் இருக்கும் ஜாப்சன் ஹார்ன் என்ற கம்பியைப் பாருங்கள். வால்டர் ஜாப்சன் ஹார்ன் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயரில் வழங்குவது. ஒரு முனையில் சின்ன வளையம், மறுமுனையில் பஞ்சு சுற்றுவதற்குச் சொரசொரப்பு. ஹரப்பாக்காரர் கையில் கொடுத்தால் என்னவென்று கேட்காமலே உபயோகித்துவிடுவார்!

அப்படியானால் மாறியது எது? இதைத்தான் நான் வெகுநேரம் யோசித்தேன். மாறியது கரண்டி இல்லை. வெளிச்சம்.

காது என்ற இருட்டுச் சந்து

வெளிச்சம் ஏன் முக்கியம் என்று புரிய, காது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கொஞ்சம் பார்க்கணும்.

காதுத் துவாரத்திலிருந்து செவிப்பறை வரைக்கும் உள்ள குழாய் பெரியவர்களுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். நேராக இல்லை, லேசாக வளைந்து போகிறது. வெளியில் உள்ள மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு. உள்ளே உள்ள மூன்றில் இரண்டு பங்கு கெட்டி எலும்பு, அதன் மேல் காகிதம் மாதிரி மெல்லிய தோல். குறும்பி சுரப்பது வெளிப்பங்கில் மட்டும்தான். உள்ளே சுரப்பதே இல்லை. எனவே ஒருவர் காதில் செவிப்பறையை ஒட்டிக் குறும்பி கெட்டியாக இருந்தால், பெரும்பாலும் யாரோ அதை உள்ளே தள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம். (யார் என்று உங்களுக்குத் தெரியும்.)

குறும்பி அழுக்கே இல்லை என்பது இன்னொரு ஆச்சரியம். லேசான அமிலத்தன்மை உள்ள, எண்ணெய்ப் பசையுள்ள பூச்சு. கிருமியையும் பூஞ்சையையும் அண்டவிடாது, தூசியைப் பிடித்துவைக்கும், தண்ணீரை ஒட்டவிடாது. அதைவிட ஆச்சரியம், காதுக் குழாயின் தோல் நடக்கிறது. செவிப்பறையிலிருந்து வெளிப்பக்கமாக, ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில் நகர்ந்துகொண்டே வருகிறது. பழைய குறும்பியையும் அது தன்னோடு வெளியே கொண்டுவந்துவிடும். சாப்பிடும்போதும் பேசும்போதும் தாடை அசைவதும் இதற்குத் துணை. கடவுள் கொடுத்த கன்வேயர் பெல்ட்! நாம் பட்ஸ் விடுவது, ஓடுகிற பெல்ட்டை எதிர்த்திசையில் தள்ளுவது.

எல்லோருடைய குறும்பியும் ஒரே ஜாதி இல்லை. கிழக்காசியர்களுக்குப் பெரும்பாலும் தவிடு மாதிரி உலர்ந்து உதிரும். ஐரோப்பியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் பிசுபிசுவென்று ஈரமாக இருக்கும். நம்மிடம் இரண்டும் கலந்து உண்டு. ஏபிசிசி11 என்ற ஒரே ஒரு மரபணுவில் உள்ள ஒரே ஒரு எழுத்து மாற்றம்தான் இதற்குக் காரணம் என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2006இல் கண்டுபிடித்தார்கள். ஜப்பானில் மூங்கில் கரண்டி நிலைத்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தவிட்டைச் சுரண்டலாம். தாரைச் சுரண்ட முடியாது.

சிலருக்குக் காது குடைந்தால் இருமல் வருமே, கவனித்திருக்கிறீர்களா? தொண்டைக்கும் நெஞ்சுக்கும் போகிற வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுக் குழாய்க்கும் வருகிறது. அங்கே தொட்டால் இங்கே இருமல். பாட்டி "காதுல கைய வெக்காதே, இருமல் வரும்" என்று திட்டியது மூடநம்பிக்கை இல்லை :-)

கண்ணாடியில் ஓட்டை போட்டவர்

இப்படி வளைந்த, இருண்ட, தொட்டால் வலிக்கிற சந்துக்குள் மூவாயிரத்துச் சொச்சம் வருஷம் மனிதன் கண்ணை மூடிக்கொண்டுதான் கரண்டி விட்டான். 14ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கீ த ஷோலியாக் என்ற அறுவை மருத்துவர் நோயாளியை வெயிலைப் பார்த்து உட்காரவைத்து, காதை விரித்துப் பார்க்கச் சொல்லி எழுதிவைத்தார். ஆனால் வெயிலில் பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. சின்ன ஓட்டைக்குள் பார்க்க நீங்கள் குனிந்தால் உங்கள் தலையே வெளிச்சத்தை மறைத்துவிடும். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற கதைதான்.

இதற்கு 1841இல் ஜெர்மனியில், வெஸ்ட்ஃபாலியா பகுதியின் ஒரு சின்ன ஊர் டாக்டர் வழி கண்டுபிடித்தார். ஹோஃப்மான் என்று பெயர். ஒரு குழியாடியின் நடுவில் ஓட்டை போட்டார். கண்ணாடி வெளிச்சத்தைத் திருப்பிக் காதுக்குள் அனுப்பும், டாக்டர் நடு ஓட்டை வழியாகப் பார்ப்பார். பார்வையும் வெளிச்சமும் ஒரே கோட்டில் போகின்றன. தலை மறைக்காது. எவ்வளவு சாதாரணமான யோசனை! ஆனால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1855இல் ஃபான் ட்ரோல்ட்ஷ் என்ற இன்னொரு ஜெர்மானிய மருத்துவர் தானாகவே இதே யோசனைக்கு வந்து பாரிஸில் செய்துகாட்டிய பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. அப்புறம் கண்ணாடி கையிலிருந்து நெற்றிக்கு ஏறியது, கைகள் இரண்டும் வேலைக்கு ஒழிந்தன.

அந்த நெற்றிக் கண்ணாடி உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். பழைய தமிழ்ப் படங்களில் டாக்டர் என்றால் நெற்றியில் வட்டமாக ஒன்று பளபளக்குமே, அதேதான். ஹார்ட் ஆபரேஷன் செய்கிறவர்கூட அதை மாட்டிக்கொண்டு வந்து "ஸாரி" சொல்வார். உண்மையில் அது காது மூக்கு தொண்டை டாக்டரின் சாமான்.

நாலாயிரம் வருஷக் கரண்டி அன்றுதான் மருத்துவக் கருவியானது என்பேன்.

தண்ணீர் அடித்ததில் ஒரு நோபல் பரிசு

கரண்டிக்கு அடுத்தது பீச்சாங்குழல். பெரிய உலோக சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து, காதுமடலை மேலும் பின்னும் இழுத்துக் குழாயை நேராக்கி, செவிப்பறையைக் குறிவைக்காமல் மேல்சுவரைப் பார்த்துப் பீய்ச்சுவது. தண்ணீர் பின்னால் போய்த் திரும்பி வரும்போது குறும்பியைத் தள்ளிக்கொண்டு வரும். சின்ன வயசில் இந்தச் சிகிச்சைக்குப் போனவர்களுக்கு, தோளில் பிடித்த கிட்னி வடிவத் தட்டும் அதில் விழுந்த கரும்பழுப்பு உருண்டையும் மறக்காது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் ராபர்ட் பாரானி என்ற இளம் டாக்டர் தினமும் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். சிலருக்குத் தண்ணீர் விட்டதும் தலை சுற்றியது, கண் ஒரு பக்கமாகத் துடித்தது. ஒரு நோயாளி "தண்ணீர் சில்லென்று இருந்தால்தான் சுற்றுகிறது டாக்டர்" என்றார். அடுத்த தடவை நர்ஸ் சூடாகக் கொண்டுவந்துவிட்டார். அப்போதும் சுற்றியது. ஆனால் கண் எதிர்ப்பக்கமாகத் துடித்தது! குளிர்ந்தால் ஒரு திசை, சூடானால் மறுதிசை. வெந்நீர்த் தவலையில் சூடான தண்ணீர் மேலே ஏறி, ஆறின தண்ணீர் கீழே இறங்குவதுபோல, உட்செவியில் உள்ள திரவம் வெப்பத்தால் ஓடுகிறது, அதை மூளை தலை சுற்றுவதாக எடுத்துக்கொள்கிறது என்று பாரானி விளக்கினார். உட்செவியின் சமநிலை உறுப்பைச் சோதிக்க இன்றும் இதே முறைதான்.

இதற்கு அவருக்கு 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. செய்தி வந்தபோது முதல் உலகப்போரில் பிடிபட்டு ரஷ்யப் போர்க்கைதி முகாமில் இருந்தார். ஸ்வீடன் தலையிட்டு விடுவித்த பிறகு 1916இல்தான் போய்ப் பரிசை வாங்கினார். குறும்பி எடுக்கும்போது கவனமாக இருந்தால் நோபல் பரிசு வரை போகலாம் என்று என் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன் :-)

ஆனால் இந்தப் பீச்சாங்குழலும் குருட்டுக் கருவிதான். செவிப்பறையில் ஏற்கெனவே ஓட்டை இருந்தால், தண்ணீர் நடுச்செவிக்குள் போய்ச் சீழ் பிடிக்கும். கை அழுத்தம் கூடினால் பறையே கிழியலாம். அதனால்தான் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் கொடுத்த வழிகாட்டலில், பெரியவர்களுக்குக் கையால் அடிக்கும் சிரிஞ்சு வேண்டாம், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவியோ உறிஞ்சும் முறையோ போதும் என்றது.

உறிஞ்சும் முறைக்கு வழி செய்தது 1953இல் ஸைஸ் கம்பெனி கொண்டுவந்த அறுவை மைக்ராஸ்கோப். அதன் முதல் மாடலைக் கையாண்டவர்களில் காது டாக்டர்கள் முக்கியமானவர்கள். இரண்டு கண்ணாலும் பார்க்கலாம் என்பதால் ஆழம் தெரியும், இரண்டு கையும் வேலை செய்யும். காதுக்குள் குண்டூசியைவிடக் கொஞ்சம் பருமனான குழாயை விட்டு, வாக்யூம் க்ளீனர் மாதிரி குறும்பியை உறிஞ்சி எடுக்கிறார்கள். தண்ணீரே வேண்டாம், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களுக்கும் செய்யலாம். சத்தம்தான் கொஞ்சம் பயமுறுத்தும்.

பஞ்சுக் குச்சியும் சிவப்புத் தலைப்பாகையும்

விஞ்ஞானம் இப்படி வெளிச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, வீடுகளில் நாம் மறுபடி இருட்டுக்குப் போனோம். 1923இல் நியூயார்க்கில் லியோ கெர்ஸ்டன்ஸாங் என்பவர், தன் மனைவி பல்குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றிக் குழந்தைக்குத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, அதையே தயாரித்து விற்கலாமே என்று தொடங்கினார். முதலில் பேபி கேஸ் என்று பெயர். பிறகு க்யூ-டிப்ஸ் ஆயிற்று. குழந்தையின் உடம்பைத் துடைக்கக் கண்டுபிடித்த சாமான். அதை உலகம் காதுக்குள் விட்டது!

நம் ஊரில் பட்ஸ் வருவதற்கு முன்னால் கொண்டை ஊசி, தீக்குச்சி, பேனா மூடி, சாவி, கோழி இறகு. எல்லாம் நம் வீட்டு ஆயுதக் கிடங்கில் இருந்தவை. வடக்கே டெல்லி, பம்பாய்ப் பக்கம் சிவப்புத் தலைப்பாகையில் ஊசியும் பஞ்சும் சொருகிக்கொண்டு தெருவில் காது சுத்தம் செய்கிறவர்கள் உண்டு. பரம்பரைத் தொழில். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவரைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்திருந்தவர் கண்ணை மூடிச் சொர்க்கத்தில் இருப்பவர் மாதிரி முகத்தை வைத்திருந்தார். "காதுல இருந்து கல்லை எடுத்துட்டேன்" என்று கைச்சாமர்த்தியம் காட்டிக் காசு பிடுங்குகிற ஆட்களும் உண்டு என்று அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு இப்போது வாய் இல்லை. அவர்களுக்காவது வெயிலில் உட்காரவைத்துப் பார்க்கிற வழக்கம் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஐந்நூறு குச்சி வாங்கிக் கொடுத்தவன்.

ஒரு எண்

காது கேளாமைத் தடுப்புக்காக மத்திய அரசு 2006-07இல் 25 மாவட்டங்களில் ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. அந்தத் திட்ட ஆவணங்களில் நம் நாட்டில் காது குறைபாட்டுக்கான காரணங்களை வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள். முதுமையால் வருவது 10.3%. நடுச்செவியில் நாள்பட்ட சீழ் 5.2%. இவற்றுக்கெல்லாம் மேலே, பட்டியலின் உச்சியில் காது மெழுகு, அதாவது குறும்பி, 15.9%. சரிசெய்யக்கூடிய கேளாமைக்கு முதல் காரணம் என்றே எழுதியிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்து சும்மா சிரித்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள், வகுப்பில் கடைசி பெஞ்சில் "மக்கு" என்று பெயர் வாங்கும் பிள்ளைகள், "காதுல போட்டுக்க மாட்டேங்கறா" என்று மாமியாரிடம் திட்டு வாங்கும் மருமகள்கள். இவர்களில் எத்தனை பேருக்குப் பத்து நிமிஷ வேலையில் காது திறந்திருக்கும்? யாராவது ஒருவர் விளக்கு வைத்து உள்ளே பார்த்திருந்தால் போதுமே.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

நம்மில் நிறையப் பேருக்கு அப்பா அம்மா ஊரில். நாம் அவர்களைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். அவர்கள் நம்மைக் கேட்கிறார்களா என்று கேட்கத்தான் மறந்துவிடுகிறோம். நான் டாக்டர் இல்லை. அப்பாவைப் பார்த்த டாக்டர் சொன்னதையும் நான் படித்ததையும் வைத்து நாலு வரி:

ஃபோனில் பேச்சைச் சீக்கிரம் முடிக்கிறார்கள், டிவி சத்தம் கூடுகிறது என்றால் வயசு என்று முடிவு கட்டாதீர்கள். மெஷின் வாங்குவதற்கு முன்னால் காதுக்குள் பார்க்கச் சொல்லுங்கள். மெஷின் போட்டிருப்பவர்களுக்கு இன்னும் முக்கியம். அது அடைத்துக்கொண்டிருந்தால் குறும்பி வெளியே வர முடியாது, மெஷின் துவாரத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

அடைப்பு இல்லை, தொந்தரவும் இல்லை என்றால் குறும்பியை அதன் பாட்டுக்கு விட்டுவிடுங்கள். வெளியே தெரிவதை ஈரத் துணியால் துடைத்தால் போதும். கெட்டியாக இருந்தால் டாக்டர் சொல்லும் சொட்டு மருந்தை, சோடா-கிளிசரின் மாதிரி ஒன்றை, சில நாள் விட்டு இளக்கிய பிறகு அவர் எடுப்பார். சுசுருதர் சொன்ன அதே வரிசை.

பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சுடச்சுட ஊற்றாதீர்கள். சூடு சுட்டுவிடும், ஓட்டை இருந்தால் உள்ளே போகும், ஈரமும் எண்ணெயும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வலி, சீழ், ரத்தம், திடீரென்று கேட்காமல் போவது என்றால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேராக டாக்டர். குழந்தை காதில் பட்டாணி, பயறு போட்டுக்கொண்டால் தண்ணீர் விடாதீர்கள், ஊறிப் பெருத்துவிடும்.

இப்போது காமரா வைத்த காதுக் கரண்டி வந்திருக்கிறது. செல்ஃபோன் திரையில் நம் காதையே பார்த்துக்கொண்டு குடையலாமாம். அப்படியானால் வெளிச்சப் பிரச்சினை தீர்ந்துவிட்டதே என்று நானும் ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் திரையில் ஆழம் தெரியாது. வலது எது இடது எது என்று கை தடுமாறும். ஒரு தும்மல் வந்தால், குழந்தை வந்து முழங்கையில் இடித்தால் முடிந்தது. ஹரப்பாக்காரருக்குக் கிடைக்காத வெளிச்சம் நமக்குக் கிடைத்திருக்கிறது, சரி. வைத்தியர் கை இன்னும் கடையில் விற்கவில்லை.

அப்பா கதையை முடித்துவிடுகிறேன். ஐந்து நாள் சொட்டு மருந்து, அப்புறம் ஒரு காலை வேளையில் உறிஞ்சி எடுத்தார்கள். வெளியே வந்ததும் ஹென்னூர் ரோட்டு ஹாரன் சத்தத்தில் அப்பா காதைப் பொத்திக்கொண்டாராம். பிறகு செய்த சோதனையில் வயசுக்குத் தகுந்த குறைவு கொஞ்சம் இருக்கிறது, இப்போதைக்கு மெஷின் வேண்டாம், வருஷம் ஒரு தடவை வந்து காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

தாத்தாவின் வெள்ளிக் குறும்பிவாங்கி இப்போது என் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. பார்க்க மட்டும். மீதி பட்ஸ் டப்பாவை அம்மா கொலு பொம்மைகளுக்குத் தூசி துடைக்க எடுத்துக்கொண்டுவிட்டார்.

அந்த வாரம் சனிக்கிழமை ராத்திரி போன் போட்டேன். ஆறு மாசப் பழக்கத்தில் "அப்பா! நான்தாம்ப்பா பேசறேன்! கேக்குதா?" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஏன்டா கத்தறே? நல்லா கேக்குது. அது சரி, அவரைக்காய் என்ன விலை விக்குது தெரியுமா இங்க?"

அன்று முக்கால் மணி நேரத்துக்கு மேல் பேசினோம். பெரும்பாலும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.